கடுகுக்குள் மூன்று துண்டுகள்

"இதுலயும் ஒரு துண்டு குறையுது!" என்று டேனியல் போனில் கத்தியதும் பிரபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மாதத்தில் அவர் வாங்கிய மூன்று ஜிக்சா புதிர்களிலும் இதே புகார்.

பலகையில் படம் ஒட்டி, மெல்லிய ரம்பத்தால் அறுத்து ஜிக்சா செய்வது அவள் தொழில். இந்தத் தடவை முழுப் படத்தையும் சேர்த்துப் பார்த்து, நூற்றிருபது துண்டுகளையும் இரண்டு முறை எண்ணித்தான் டப்பாவில் போட்டிருந்தாள்.

அவள் நேரில் போய்ப் பார்த்தபோது, ரிச்சர்ட்ஸ் டவுனில் டேனியல் வீட்டு மேசையில் லால்பாக் கண்ணாடி மாளிகைப் படம் தயாராக இருந்தது. நடுவில் மட்டும் ஓர் ஓட்டை.

"எங்க ஃபேக்டரியில இப்படி எண்ணிக்கை குறைஞ்சா, சரக்கு கேட்டைத் தாண்டாது" என்றார், வி.ஆர்.எஸ். வாங்கி வீட்டோடு இருக்கும் டேனியல்.

"எண்ணித்தான் சார் போட்டேன்."

"அப்போ கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?"

"நல்லாக் கேளுங்க" என்று அவர் மனைவி எஸ்தரும் சேர்ந்துகொண்டார்.

பிரபா பல்லைக் கடித்தபடி ஓட்டையின் வடிவத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டாள். "ஒரு வாரத்துல புதுத் துண்டு தர்றேன்."

டேனியல் மறுபடியும் சோபாவுக்கு அடியில் தேடக் குனிந்தார். காபி கொடுப்பதாகச் சொல்லி எஸ்தர் அவளைச் சமையலறைக்கு அழைத்துப்போய், அஞ்சறைப்பெட்டியைத் திறந்தார். கடுகுக்குள் மூன்று மரத்துண்டுகள்!

"கோவிச்சுக்காதம்மா. தேடுற வரைக்கும் அவர் இந்தப் பக்கமே வரமாட்டார். படம் முடிஞ்சா நேரா இங்க வந்து, வெங்காயத்தை ஏன் இவ்வளவு பெருசா நறுக்குறேன்னு ஆரம்பிச்சுடுவார்."

பிரபாவிடம் காபியை நீட்டினார்.

"ஒரு வாரத்துலயே கொண்டுவந்துடாதே. ஒரு மாசமாவது இழுத்தடி."