சும்மா ஒரு பயணம்

எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் வட்டாரத்து மருந்துக்கடையின் பின்னறையில், வெளியே கிடக்கும் பனியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அம்மாவின் முகக்கவசத்தில் விழுந்திருக்கிறது. நாளை நாங்கள் பார்படோஸ் தீவுக்குப் போகிறோம், அம்மாவின் மூக்கில் விட்டெடுத்த குச்சி கொரோனா இல்லை என்று சொன்னால். என்னுடைய முடிவு வந்துவிட்டது, தொற்றில்லை. அம்மா காலையில் ஒருமுறை தும்மினார். கடவுச்சீட்டுகளை மறுபடியும் சரிபார்க்கிறேன். தும்மலைச் சரிபார்க்க வழி தெரியவில்லை. பக்கத்துக் கதிரையில், எங்கள் தேவாலயத்துக்கு வரும் ஜெசிந்தா அன்ரி. கடவுச்சீட்டுகளைப் பார்த்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்புகிறார்.

"ஆரின்ரை கலியாணம், றீற்றாக்கா?"

"கலியாணம் இல்லை."

"ஐயோ, செத்தவீடோ?"

அம்மா கைப்பையின் வாரை முறுக்குகிறார். இந்த நாட்டுக்கு வந்தபிறகு அவர் விமானம் ஏறியதெல்லாம் இந்த இரண்டுக்கும்தான்.

"சும்மா" என்கிறார், தாழ்ந்த குரலில்.

"சும்மாவோ? சும்மா ஆரும் பிளேன் ஏறுவினமே?"

கதவு திறக்கிறது. தாதி பெருவிரலை உயர்த்திக் காட்டுகிறார். "நெகட்டிவ், மதாம்!"

அம்மா எழுகிறார். குளிரங்கியின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாக, அவசரமில்லாமல் பூட்டுகிறார்.

"கடல்லை குளிக்கப் போறன், ஜெசிந்தா" என்கிறார், அறை முழுவதற்கும் கேட்க.