ஞாயிறு ஐந்து மணி

கம்ப்யூட்டர் 'கீ... கீ... கீ...' என்று மூன்று முறை கத்திவிட்டு மறுபடியும் வாயை மூடிக்கொண்டது. திரையில் பொட்டு வெளிச்சம் இல்லை.

"நாலு நாற்பத்தொண்ணு," என்றார் பெரியவர், நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி. முப்பது வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். ரிட்டயர் ஆன பிறகும் கடிகாரம் அவரை விடவில்லை. "அஞ்சு மணிக்கு என் பையன் லைன்ல வந்துடுவான். அதுக்குள்ள இதைக் கிளப்பிடுவியா, மாட்டியா?"

"நீங்க கொஞ்சம் தள்ளி நின்னாலே பாதி வேலை முடிஞ்சிடும் சார்," என்றான் சர்வீஸ்காரன்.

தள்ளி நின்றார். எண்ணி நாலே விநாடி. திரும்பவும் வந்து அவன் பிடரியில் மூச்சு விட்டார்.

இந்த வீட்டுக்கு அவன் வருவது மூன்று வாரத்தில் மூன்றாவது தடவை. முதல் ஞாயிறு கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. மறுநாள் வந்து பார்த்தால் உள்ளே ஒரு ஒயர் கழன்றிருந்தது. அடுத்த ஞாயிறும் அதே கதை, வேறு ஒயர். இன்றைக்குப் பெரியவர் நாலு மணிக்கே பட்டனைத் தட்டிப் பார்த்துவிட்டு, டீ குடிக்க உட்கார்ந்தவனைக் கையோடு இழுத்து வந்துவிட்டார்.

"போன்ல பேசிடக் கூடாதா சார்?"

"எடுக்க மாட்டான்ப்பா. ஷிப்ட்ல போனை வெளியிலயே வாங்கி வெச்சுக்கறாங்களாம். ஞாயித்துக்கிழமை கம்ப்யூட்டர்ல வந்தாத்தான் உண்டு." அவர் குரல் இறங்கியது. "வியாழக்கிழமை எனக்கு நெஞ்சுல ஆபரேஷன். 'வாடா'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அவன் மூஞ்சியைப் பக்கத்துல பார்த்துட்டா, தைரியமாப் போய்ப் படுத்துடுவேன்."

"இன்னும் சொல்லவே இல்லையா?"

"எங்க சொல்ல விட்டுது இந்தச் சனியன்? இது ஒழுங்கா இருந்த நாள்லயும், சாப்பிட்டியா தூங்கினியா வரைக்கும் ஜோரா ஓடும். 'எப்படா வர்றே'ன்னு வாயெடுத்தா போதும், படம் அப்படியே நின்னுடும்!"

ஜன்னலோரம் தையல் மெஷின் முன்னால் இருந்த அவர் மனைவி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஒரு வாரம் பேசாட்டி என்ன, குடியா முழுகிடும்?"

"உனக்கு என்ன தெரியும் கம்ப்யூட்டரைப் பத்தி?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரே மெஷின் இதுதான். இருபது வருஷமா நானே கழட்டறேன், நானே மாட்டறேன். ஒரு நாளாவது உங்களை மாதிரி ஊரைக் கூட்டியிருக்கேனா?"

சர்வீஸ்காரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்துத் தகட்டைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்தான். ரேம் என்ற மெமரி அட்டை தன் பள்ளத்திலிருந்து ஒரு நூல் அளவு எழும்பி நின்றது. அதைப் பிடித்திருக்க வேண்டிய இரண்டு கிளிப்புகளும் விரியத் திறந்திருந்தன.

அவன் நெற்றி சுருங்கியது. கிளிப் தானாகத் திறக்காதே?

"வீட்ல எலி கிலி உண்டா சார்?"

"எலிக்கு இங்க என்ன வேலை? நானும் இவளும்தான். நாலு ஐம்பத்திரண்டு!"

கட்டை விரலால் அழுத்தினான். 'டக்' என்றது. பட்டனைத் தட்டினான். இந்த முறை கத்தல் இல்லை. திரையில் நீலம் பரவியது. பெரியவர் அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். தையல் மெஷின் சத்தம் நின்றது.

சரியாக ஐந்து மணிக்கு அழைப்பு வந்தது. முப்பது வயது மகன், திரை முழுக்கச் சிரித்தான்.

"சாப்பிட்டியாடா?"

"ஆச்சுப்பா. நீங்க?"

"நல்லாத் தூங்கறியா? வேலையெல்லாம்?"

"ஒண்ணும் குறை இல்லப்பா."

பெரியவர் தொண்டையைச் செருமினார். நாற்காலியின் நுனிக்கு வந்தார். "டேய், வியாழக்கிழமை எனக்கு நெஞ்சுல ஆபரேஷன்டா. நீ ஒரு ரெண்டு நாள் வந்து..."

படம் நின்றது. பாதி திறந்த வாய், கன்னத்தை நோக்கிப் பாதி தூக்கிய கை. சத்தமும் இல்லை.

"பார்த்தியா! பார்த்தியா! மறுபடியும் காலை வாரிடுச்சு!" பெரியவர் துள்ளி எழுந்தார். "அந்த மோடமாத்தான் இருக்கும். நீ நகராதே, நான் போய் அணைச்சுப் போடறேன்!" வேட்டியை மடித்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினார்.

சர்வீஸ்காரன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மகனின் முகம் கல்லாக இருந்தது. ஆனால் அவனுக்குப் பின்னால், ஜன்னல் திரைச்சீலை காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

மகனின் இமை ஒரு முறை துடித்தது. அப்புறம் அழைப்பு துண்டிக்கப்பட்டது.

சர்வீஸ்காரன் மௌஸிலிருந்து கையை எடுத்தான். இதை அந்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது? திரும்பினான். பெரியவரின் மனைவி அவன் முதுகுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கம்ப்யூட்டர்ல..." அவன் தடுமாறினான். "கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் இல்லம்மா."

"பச்சை லைட் வந்துடுச்சு! அங்க படம் நகருதா?" முன்னறையிலிருந்து பெரியவரின் குரல் பறந்து வந்தது.

"நகரலைங்க!" என்று பதிலுக்குக் கத்தினார் அந்த அம்மா. பிறகு அவன் காதருகே குனிந்தார்.

"நான் கழட்டினா நீங்க உடனே கண்டுபிடிச்சிடறீங்க... வியாழக்கிழமை வரைக்கும் யாராலயும் சரி பண்ண முடியாத மாதிரி நீங்களே கழட்டிடுங்க, தம்பி!"