முந்திரிக்கொட்டை மாமியார்

மருமகளாக வந்த முதல் அக்டோபரில் நிலவறையில் கேட்ட சத்தம் ரோஸ்லினுக்கு இன்றும் காதில் இருக்கிறது. தொட்டிகளுக்குள் திராட்சை பொங்கும் ஓசை, கூரைக்கு அப்பால் பெய்கிற மழை மாதிரி. அதற்கும் மேலே மாமியார் லியோனியின் குரல்.

"இன்னும் ரெண்டு நாள் தோலோட ஊறட்டும். இப்ப இறக்கினா தண்ணி மாதிரி இருக்கும்!"

மாமனார் ஃபுல்க்ரான் அப்போதுதான் கோப்பையை மூக்கருகே கொண்டுபோயிருந்தார். சுற்று வட்டாரத்துத் தோட்டக்காரர்கள் எல்லாம் அவரிடம்தான் ஒயினை முகர்ந்து பார்க்கச் சொல்லிக் கேட்பார்கள். அப்பேர்ப்பட்டவரை ஒரு வார்த்தை பேசவிடுவதில்லை இந்த அம்மாள்.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் அவர், கடுகடுவென்று.

ஒயின் தரகர் கபானெல் சிரித்தார். "அண்ணே, வீட்டுல உங்களுக்கு மூக்கு மட்டும்தான். வாய் அவங்க கிட்ட!"

எல்லாரும் சிரித்தார்கள். லியோனியும் சிரித்தாள்.

ரோஸ்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவனிடம் கேட்டாள். "ஊர் முன்னாடி அவரை இப்படியா அவமானப்படுத்தறது?"

"அம்மா முன்னல்லாம் இப்படியில்ல. வயசாக ஆக வாய் கூடிப்போச்சு. விடு."

நான்காம் வருஷம் அறுவடை நேரத்தில் லியோனிக்குக் கண் அறுவை சிகிச்சை. பெசியே நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிளம்பும்போதுகூட, "நான் வர்ற வரைக்கும் கபானெலை நிலவறைக்குள்ள விடாதே" என்று நாலு தடவை சொன்னாள்.

ரோஸ்லின் விட்டாள். ஒரு நாளாவது மாமா நிம்மதியாகப் பேசட்டும்!

மூன்றாம் தொட்டியின் குழாயைத் திறந்து இரண்டு கோப்பைகளில் பிடித்தாள். குப்பென்று அடித்தது, அழுகிய முட்டை வாடை. பொங்கும் ஒயினில் எப்போதாவது நேர்வதுதான். அன்றைக்கே வேறு தொட்டிக்கு மாற்றிக் காற்றுப்பட விட்டால் போய்விடும். கண்டுகொள்ளாமல் மூடி வைத்தால் தொட்டியே பாழ்.

கபானெல் முகம் சுளித்தார். பெரியவர் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

ஃபுல்க்ரான் கோப்பையைச் சுழற்றினார். கண்ணை மூடி, ஆழமாக, நிதானமாக முகர்ந்தார்.

புன்னகை செய்தார்.

பிறகு, பேச வாயெடுக்குமுன், லியோனி வழக்கமாக நிற்கும் இடத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"ஐயய்ய, முட்டை நாத்தம்!" என்று கத்தினாள் ரோஸ்லின். "இதை இன்னிக்கே மாத்தி ஊத்தணும். இதுக்குப் போய் யோசிக்கணுமா மாமா?"

பெரியவர் கோப்பையைக் கீழே வைத்தார். முகம் சிவந்திருந்தது.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு?"

"சரியாப் போச்சு!" கபானெல் தொடையில் தட்டினார். "ஒரு வாய் ஆஸ்பத்திரிக்குப் போனா, இன்னொரு வாய் முளைச்சிருச்சு! பாவம்ண்ணே நீங்க!"

மறுநாள் ஆஸ்பத்திரியில், ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்த மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள் ரோஸ்லின்.

"எத்தனை வருஷமா அத்தை?"

லியோனி கட்டில்லாத கண்ணால் அவளைப் பார்த்தாள்.

"பதினொண்ணு. ஒரு விஷக்காய்ச்சல் வந்து எழுந்ததிலேருந்து அவருக்கு வாசனையே தெரியாது."

"மாமா உங்க கிட்ட சொன்னாரா?"

"அவரா சொல்வார்? எனக்குத் தெரியாதுன்னுதான் இன்னிக்கும் நெனச்சிட்டிருக்கார். பொண்டாட்டி முந்திரிக்கொட்டைன்னு எரிச்சல்படறார் இல்ல, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்." மருமகள் பக்கம் திரும்பினாள். "உனக்கும் திட்டு விழுந்துதா?"

"விழுந்துது."

"அப்ப சரி."

ஃபுல்க்ரான் அதற்குப் பிறகு ஆறு அறுவடை பார்த்தார். அவருடைய சவ அடக்கத்தில், இந்த வட்டாரத்தில் இப்படியொரு மூக்கு இனி வராது என்று கபானெல் அழுதார்.