ஆரஞ்சு ஜாக்கெட்

"அண்ணி, நாம யாத்திரைக்குப் போறோமா, ரோடு போடப் போறோமா?"

நாத்தனார் நர்ஸ் கேட்டதும் கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அண்ணியின் பையிலிருந்து அவள் உருவி எடுத்தது சட்டைக்கு மேல் போடும் ஒரு நைலான் ஜாக்கெட். கண்ணைக் கூசவைக்கும் ஆரஞ்சு நிறம்.

கொளுத்துகிற கோடையில், மலைக்கோயில் வரைக்கும் ஒரு வார நடை. யார் எதை எடுத்துக்கொள்ளலாம் என்று பை பையாகத் திறந்து பார்த்தவள் நர்ஸ்தான். தொளதொள வெள்ளைப் பருத்திச் சட்டை சரி. பழகின செருப்பு சரி. புதுச் செருப்பும் ஜீன்ஸும் வெளியே வந்து விழுந்தன.

"நைலான்ல காத்தே புகாது அண்ணி. வெயில்ல சுருண்டு விழுந்து ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கள தினம் பார்க்கறவ நான். பேசாம என் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கங்க."

"எனக்கு இந்தக் கலர் பிடிச்சிருக்கு" என்றாள் அண்ணி. ஜாக்கெட்டை வாங்கி மறுபடி பைக்குள் திணித்தாள்.

"நீயாவது சொல்லேண்ணா!"

அண்ணன் சிரித்தார். "அவ ஆசைப்படறா, விடேன்."

முதல் நாள் அண்ணி ஜாக்கெட்டும் வேர்வையுமாக நடந்தாள். அவள் முன்னால், அண்ணன் நாலடி பின்னால். தண்ணீர் குடிக்க நிற்கும்போதுகூட அவள் அதைக் கழட்டவில்லை.

"போட்டோவுல தனியாத் தெரியணும்ல!" என்று பின்னாலிருந்து யாரோ கிண்டல் செய்தார்கள்.

சாயங்காலம் தங்கிய இடத்தில் நர்ஸ் பார்த்தாள். அண்ணியின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. பட்டும் புத்தி வரவில்லையே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் காலை, அண்ணி குளிக்கப் போன நேரம் பார்த்து ஜாக்கெட்டை எடுத்துச் சாமான் வண்டியில் போட்டுவிட்டாள். வண்டி முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டது.

"என் ஜாக்கெட் எங்க?"

"வண்டியில. உங்க நல்லதுக்குத்தான். கோபப்படாதீங்க."

அண்ணி கோபப்படவில்லை. முகம்தான் வெளிறிப்போனது. வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கணவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"கையை விடும்மா. பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?" அண்ணன் உதறிக்கொண்டார்.

பெரிய சாலை வந்து சேரும் நாற்சந்தியில் வேறு ஊர்க்காரர்களும் கலந்துகொண்டார்கள். எங்கே பார்த்தாலும் வெள்ளைச் சட்டைகள். அண்ணி திரும்பிப் பார்த்தாள். பின்னால் அண்ணன் இல்லை.

"எங்க போயிடப் போறார்? கூட்டத்தோட கூட்டமா வந்துடுவார்" என்றாள் நர்ஸ்.

"வர மாட்டார்!"

அண்ணி இப்படிக் கத்தி நர்ஸ் கேட்டதே இல்லை. சாலையில் லாரிகள் இரைச்சலோடு பறந்துகொண்டிருந்தன. மரத்தடியில் சாமான் வண்டி நின்றது. அண்ணி ஓடினாள். பைகளை இழுத்துக் கீழே தள்ளி, ஜாக்கெட்டைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, வண்டியின் பின்படியில் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

நர்ஸுக்கு மானம் போயிற்று. "இறங்குங்க அண்ணி, எல்லாரும் பார்க்கறாங்க!"

அண்ணி இறங்கவில்லை.

வேறொரு கூட்டத்தோடு வேறொரு பாதையில் திரும்பிக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று நின்றார். திரும்பினார். நேராக வண்டியைப் பார்த்து நடந்து வந்தார்.

அண்ணன்தான்.

வழியில் கிடந்த கல் தடுக்கியது. எதிரே வந்தவர் மேல் இடித்துக்கொண்டார். "அண்ணா!" என்று நர்ஸ் வாயெடுப்பதற்குள், ஒரு முழத் தூரத்தில் நின்ற கூடப்பிறந்த தங்கையைக் கண்டுகொள்ளாமலே தாண்டிப் போனார்.

"இங்கதான் இருக்கியா?" என்றார் மனைவியிடம். "கொஞ்சம் நிழலுக்கு ஒதுங்கினேன். அதுக்குள்ள காணோமேன்னு பார்த்தேன்." வண்டியின் விளிம்பைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

அண்ணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அவர் தண்ணீர் குடிக்கப் போனதும் நர்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி... அண்ணனுக்குக் கண்ணு..."

"கொஞ்ச நாளாவே மங்கிட்டு வருது. பளிச்சுன்னு இருந்தாத்தான் தெரியுது. அதான் வேன் ஓட்டறதையே விட்டார். என்கிட்ட முதுகு வலின்னார்."

"நீங்க கேக்கலையா?"

"கேட்டா ஒடிஞ்சு போயிடுவார். எனக்குத் தெரியும்கறது அவருக்குத் தெரியாது. இந்த யாத்திரைக்கு அவ்வளவு ஆசைப்பட்டார். கையைப் பிடிச்சா வர மாட்டார், நீயே பார்த்தியே."

நர்ஸ் அண்ணியின் கழுத்திலிருந்த வேர்க்குருவைப் பார்த்தாள்.

"ஊருக்குப் போனதும் எங்க கண் டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன். வீட்ல எல்லாருக்கும் செக்கப்புன்னு ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிக்கறேன். புரையா இருந்தா சின்ன ஆபரேஷன்தான் அண்ணி. பயப்படாதீங்க."

அண்ணி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, அதைக் கழட்டுங்க."

"ஐயோ, வேண்டாம்மா!"

"கழட்டிக் கொடுங்கன்னா. மத்தியானம் வரைக்கும் நான், அப்புறம் நீங்க."

மறுபடி நடை தொடங்கியது. நாலடி பின்னால் வந்த அண்ணன், ஜாக்கெட்டுக்குள்ளிருந்து தங்கையின் குரல் கேட்டு ஆச்சரியப்பட்டார்.

"அட, நீயுமா இதை மாட்டிக்கிட்ட? வேகலையா உனக்கு?"

முதுகில் வேர்வை ஓடை ஓடையாக இறங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் திரும்பாமலே சொன்னாள்:

"இல்லண்ணா, போட்டுப் பார்த்தாத்தான் தெரியுது. குளுகுளுன்னு இருக்கு!"