வாயைக் கட்டியவர்

"எனக்கு வேண்டாமப்பா. எடுத்துக்கொண்டு போ."

மனைவி சிவமணி நீட்டிய தயிர்க் கோப்பையை அருளம்பலம் தள்ளிவிட்டார். இராச் சாப்பாட்டுக்குப் பிறகு எருமைத் தயிரும் தித்திக்கும் கித்துள் பாணியும் இல்லாவிட்டால் அவருக்கு நித்திரை வராது.

"ஏனப்பா, உடம்புக்கு ஏதும் செய்யுதோ?"

"ஒண்டுமில்லை."

கக்கூஸ் சீமெந்தில் எறும்பு மொய்த்துக் கிடந்ததை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. அவருடைய அப்பாவுக்கும் மூத்திரத்தில் சீனி போகும் சலரோகம் எறும்பில்தான் தெரியவந்தது. கடைசியில் காலை முழங்காலோடு எடுத்தார்கள்.

அன்றிலிருந்து வாயைக் கட்டினார். எறும்போ கூடிக்கொண்டே போனது. கந்தோரில் வெள்ளைக்காரத் துரை முன்னால் நிற்கும்போதும், சப்பாத்துக்குள் விரல்களில் உணர்ச்சி இருக்கிறதா என்று அசைத்து அசைத்துப் பார்த்தார்.

பயம் தாங்காமல் மருதானையில் ஒரு டாக்டரிடம் போனார். டாக்டர் அவருடைய சலத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். நீலம் நீலமாகவே நின்றது.

"சீனி துளிகூட இல்லை. பயப்படாமல் போய்ச் சாப்பிடும்."

அன்றிரவு அருளம்பலம் தானே கோப்பையோடு குசினிக்குப் போனார். "கொண்டா பாப்பம், தயிரை!"

சிவமணி வெட்கப்பட்டுச் சிரித்தாள். "முடிஞ்சுதே! நீங்கள் வேண்டாமெண்ட நாளிலயிருந்து உங்கட பங்கையும் நான்தானே சாப்பிடுறன்."

சொல்லிவிட்டு, செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்து முடித்தாள்.

"என்னவோ தெரியேல்லை, எவ்வளவு குடிச்சும் தாகம் அடங்குதில்லையப்பா."

அருளம்பலம் கக்கூஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான்.