மோட்டார் வரும் வரை

மூடிக்கிடந்த சாயப்பட்டறையின் நஞ்சு, நிலத்துக்கடியில் ஊர்க்கிணற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பாதிவழியில் மடக்கி மேலே இறைத்துவிட ஓர் ஆழ்துளைக் கிணறு வேண்டும். அதற்கு இடம் பார்க்கப் பாப்பாரப்பட்டிப் பக்கம் வந்த பொறியாளர் சுமித்ராவுக்கு, எப்படிக் கணக்குப் போட்டாலும் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம்தான் தோதாக அமைந்தது. கேட்கவே தயங்கினாள்.

"தாராளமா போடுங்கம்மா," என்றாள் நிலத்துக்காரி ராஜமேரி. "உள்ள இருக்கறவங்களும் அந்தக் கெணத்துத் தண்ணி குடிச்சவங்கதானுங்களே."

கிணறு தயாரானது. மின் இணைப்பு மட்டும் வரவில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொள்ள, நஞ்சு முந்திக்கொள்ளுமோ என்று சுமித்ரா பயந்தாள். ஆனால் காலையில் அளக்கும்போதெல்லாம், மோட்டாரே இறக்காத அந்தக் கிணற்றில் நீர்மட்டம் இறங்கியிருந்தது. மூடியின் போல்ட்டுகள் முடுக்கியபடியே இருந்தன. சுற்றியிருந்த மண்ணில், குடம் வைத்து எடுத்த வட்டமான தடங்கள் தெரிந்தன. ஊர்க்கிணற்றுத் தண்ணீர் ஒவ்வொரு சோதனையிலும் சுத்தமாகவே வந்தது.

ஒருவழியாகக் கரண்ட் வந்து மோட்டார் ஓடியது. ராஜமேரி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க புள்ளைங்களக் காப்பாத்திட்டீங்கம்மா."

"நான் மட்டும் இல்லைங்க," என்றாள் சுமித்ரா.

எல்லோரும் போன பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரருகே போய் நின்றாள்.

"இத்தன நாளா தாங்கிப் புடிச்சீங்க. ரொம்ப நன்றிங்க. இனிமே மோட்டார் பாத்துக்கும்."

சுவருக்கு அந்தப் பக்கம், ஒன்றன்பின் ஒன்றாகக் குடங்களை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.