முப்பத்தெட்டு

“உடன அழிக்கச் சொல்லு, சுஜீதன். ஊர் முழுக்கப் பாக்க முந்தி அழிக்கச் சொல்லு!”

டூங்கபிப் புறநகர் வீட்டின் ஹோலில் மூன்று பேர். சோபாவில் விக்னராஜா. அவர் பக்கத்தில், கால்மேல் கால் போட்டபடி, மகன் சுஜீதன். எதிரே, சாப்பாட்டு மேசையிலிருந்து இழுத்துப் போட்ட கதிரையில், விசாரணைக்குக் கொண்டுவரப்பட்டவள்போலக் கமலினி. மடியில் போன். அதில் அவளே இன்ஸ்டாகிராமில் போட்ட படம்: தாதியர் படிப்பு, முதலாம் ஆண்டு, உடற்கூற்றியல், நூற்றுக்கு முப்பத்தெட்டு.

“நானும் அதே யூனிவர்சிற்றிதானே அப்பா,” என்றான் சுஜீதன். “ என்ர பிரெண்ட்ஸ் ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பிச் சிரிக்கிறாங்கள்.”

“பெயில் விட்டதை ஆராவது வாசலில தோரணமாக் கட்டுவினமோ?” என்றார் விக்னராஜா.

“எல்லாரும் எண்பதையும் தொண்ணூறையும்தான் கட்டுகினம்,” என்றாள் கமலினி. “அதைப் பாத்துப் பாத்து, நான் ஒருத்திதான் மொக்கு எண்டு நித்திரை இல்லாமக் கிடந்தனான். இனி ஏலாது. அழிக்க மாட்டன்.”

போனை சுஜீதனிடம் நீட்டினாள்.

“இந்த ஹரிப்பிரியா, நாளாந்தம் லைப்ரரியில இருந்து சிரிச்சபடி படம் போடுற பிள்ளை. என்ர படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கிறாள் எண்டு வாசி.”

சுஜீதன் வேண்டாவெறுப்பாக வாசித்தான். “எனக்கு நாற்பத்தொண்டு. நான் மட்டும்தான் எண்டு நினைச்சு அழுதுகொண்டிருந்தனான்...”

அவளுக்குப் பின்னால் இன்னும் பலர், தங்கள் தங்கள் பெயிலோடு வரிசையில் நின்றார்கள்.

விக்னராஜா மசியவில்லை. “படிச்சது காணும், நிப்பாட்டச் சொல்லு. லண்டனில என்ர தங்கச்சி அறிஞ்சால் கொண்டாடுவாள். தன்ர பிள்ளையளின்ர மார்க்கைச் சொல்லவெண்டே போன் எடுக்கிறவள்.”

“மாமி இன்ஸ்டாகிராமில இல்லை அப்பா. தப்பிட்டம்,” என்றான் சுஜீதன்.

கமலினி விறுக்கென்று எழுந்தாள். அச்சடித்து வைத்திருந்த மார்க் தாளை நாலாக மடித்து உறைக்குள் வைத்தாள். லண்டன் விலாசத்தை அழுத்தி எழுதி, முத்திரையை ஒட்டினாள்.

“என்ன செய்யிற வேலை இது?” விக்னராஜா பதறினார்.

“அவ மட்டும் ஏன் அறியாமல் இருக்க வேணும்? திரும்ப எழுதிப் பாஸ் பண்ணுவன். அதையும் இதே விலாசத்துக்கு அனுப்புவன்.”

உறையை நாக்கால் நனைத்து ஒட்டினாள். செருப்பைக் கொழுவிக்கொண்டு தெருமுனைத் தபால்பெட்டியை நோக்கி நடந்தாள்.

“அம்மா, நில்லுங்கோ! ப்ளீஸ் அம்மா!” என்று சுஜீதன் பின்னால் ஓடிவர, ஐம்பத்திரண்டு வயது முதலாம் ஆண்டு மாணவி கடிதத்தைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டாள்.